எதிரணி தந்த அறிமுகம்

சென்ற ஆண்டு மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அல்சூர் ஏரிக்கு அருகிலுள்ள ஒரு மண்டபத்தில், வேலை தேடுவோரும் நிறுவனத்தாரும் நேரில் சந்திக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். நான் பட்டம் பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. நீலசந்திராவில் எங்கள் வீடு அம்மாவின் தையல் ஆலைச் சம்பளத்தில் நடந்துகொண்டிருந்தது. எனக்கு வேலை கிடைத்தால்தான் தங்கை கல்லூரியில் சேர முடியும் என்ற நிலை. ஆயினும் நான் கலங்கவில்லை. கல்லூரி நாள்களில் ஏறிய மேடைகளில் எல்லாம் கைதட்டல் வாங்கியவள் நான். பேசத் தெரிந்தவளுக்கு அறிமுகம் ஒரு பொருட்டா என்றே எண்ணியிருந்தேன்.

பொம்மசந்திராவில் தண்ணீர் மோட்டார் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் மேலாளர் ஒரு மேசையில் அமர்ந்திருந்தார். கடைக்காரர்களின் புகார்களைத் தொலைபேசியில் கேட்டுத் தீர்த்து வைக்க ஒருவர் தேவை என்று மேசைமேல் எழுதி வைத்திருந்தார்கள். இருந்தது ஒரே இடம். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். கல்லூரிகளுக்கிடையிலான விவாதப் போட்டியின் இறுதிச் சுற்றில் எதிரணியில் பேசி, என்னிடம் தோற்றவர். அதன்பின் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

என் முறை வந்தது. அவையை விளிப்பது போலவே தொடங்கினேன். வணக்கம் சொன்னேன், வாய்ப்புக்கு நன்றி சொன்னேன், வென்ற கோப்பைகளை ஒவ்வொன்றாக அடுக்கினேன். மேலாளர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பேச்சு ஜோரா இருக்கும்மா. ஆனா கப் அடுக்க எங்க ஆஃபீஸ்ல ஷோகேஸ் இல்ல. நீ எங்களுக்கு என்ன வேலை செய்வே, அதைச் சொல்லு."

மேடையில் என்னை எப்போதும் தொகுப்பாளர்தான் அறிமுகப்படுத்துவார். நான் தலைப்பைப் பற்றி மட்டுமே பேசுவேன். நான் யார் என்று நானே சொல்ல நேர்ந்ததே இல்லை என்பது அந்த நொடியில்தான் புரிந்தது. நன்றி கூறி நகரப் பார்த்தேன்.

"சார், ஒரு நிமிஷம். இவங்களைப் பத்தி நான் சொல்றேன். ஃபைனல்ல இவங்ககிட்ட தோத்தது நான்தான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நான் பேசப் பேச எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டாங்க. பதில் சொல்றப்போ, முதல்ல என் பாயின்ட்டை என்னைவிட நல்லா சொல்லிட்டு, அப்புறம்தான் வெட்டினாங்க. கோவமா ஃபோன் பண்றவங்களுக்கு இந்த மாதிரி ஆள்தான் சார் வேணும்."

மேலாளர் அவரை வியப்புடன் பார்த்தார். "நீயும் இதே வேலைக்குத்தானேம்மா வந்திருக்கே?"

"ஆமா சார். என் டர்ன் வந்தா என்னைப் பத்தியும் சொல்லுவேன்."

மேலாளர் என் பக்கம் திரும்பி, கடைக்காரர் ஒருவரின் புகாரை ஊர் மொழியான கன்னடத்தில் படபடவென்று சொல்லிக் காட்டினார். நான் அதைக் கன்னடத்திலேயே ஒன்று விடாமல் திருப்பிச் சொல்லி, அவர் கேட்பது பணமா, மாற்று மோட்டாரா என்றும் வினவினேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. மறுநாள் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்.

தன் முறையையும் முடித்துக்கொண்டு வெளியே தூறலில் பேருந்துக்கு நின்றவரிடம் ஓடிச் சென்று, எதற்காக இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"பின்ன? நீங்க அங்க அப்படி முழிச்சுக்கிட்டு நின்னா, உங்ககிட்ட தோத்த எனக்கு என்ன மரியாதை?" என்று சொல்லிவிட்டு, வந்த பேருந்தில் ஏறிக்கொண்டார்.

அந்த வேலை எனக்குக் கிடைத்தது. தங்கையும் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். சில மாதங்கள் கழித்து அவருக்கும் வேறோரிடத்தில் வேலை கிடைத்ததை அறிந்தபோதுதான் என் மனம் முழுமையாக நிறைந்தது. இப்போது புதியவர் எவரைச் சந்தித்தாலும், "எதிரில் இருப்பவர் சொல்வதை முழுதாகக் கேட்பவள் நான்" என்றே தொடங்குகிறேன். என் கோப்பைகள் அனைத்தும் நானே வென்றவை என்றாலும், என்னை உலகுக்குச் சொல்லும் அந்த முதல் வாக்கியம், என்னிடம் தோற்ற ஒருவர் மனமுவந்து தந்தது.