பூங்காவில் இருந்த பீலி

நேற்று பதுளை டவுனில் பசறை பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு கிழமையாக அடைமழை. ஒதுங்கலாம் என்று பூங்காவுக்குள் போனால், நடுவில் நீரூற்று ஆடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரி. அந்தத் தெளிவைப் பார்த்ததும் நான் மலைப்பக்கம் நிமிர்ந்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

அந்த இடத்தில் முன்பு ஒரு பீலி இருந்தது. மலை ஊற்றைக் குழாயில் இறக்கிவிட்டால் அதற்குப் பெயர் பீலி. வெள்ளைக்காரன் காலத்தில் துரைசானிகள் நாயோடு உலாத்திய பூங்காவாம். தேயிலைத் தோட்டத்து ஆள் வாசலோடு சரி என்பார் அப்பா. என் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பூராவும் எங்கள் ஆட்கள்தான். வடை வாசமும் ஈரக் கம்பளி வாசமும் கலந்து வரும். புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், புது லோங்ஸ், முழுக்காற்சட்டை, கசங்கிவிடும் என்று நான் வாங்குப் பலகையில் உட்காராமல் பீலியோரமே நிற்பேன். யாரும் திரும்பிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

பீலிக்குப் பக்கத்து மரத்தடியில் குங்குமம் பூசிய ஒரு கல். அதுதான் எங்கள் அம்மாள். ஊற்று பிறப்பதோ மேலே மலையில், அக்கா குடியிருந்த லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, அடியில்.

ஒரு நாள், மழை விட்டு வெயில் அடிக்கும்போது, பீலியில் தண்ணீர் செக்கச் சிவந்து வந்தது. பச்சை மண் வாசம். சந்தைக்கு வந்திருந்த அக்காவைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

"அம்மா கோவிச்சுக்கிட்டா தம்பி. பொங்க வச்சு எவ்வளவு காலமாச்சு," என்றாள்.

மேலே மண் இளகுகிறது என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

போயா லீவன்று, பௌர்ணமியன்று, லயமே பானையோடு பூங்காவுக்கு இறங்கி வந்தது. அக்கா புருஷன், எங்கள் மச்சான், மட்டும் வரவில்லை. கூப்பிடப் போன என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எல்லாரும் சாமிகிட்ட போயிட்டா பசுவுக்கு யாரு புல்லு போடுறது? லோங்ஸ்ல சேறு படாம எறங்கு மாப்ள. எனக்கு ஒரு எலையில கட்டச் சொல்லு ஒங்கக்காவ."

பொங்கல் பொங்கியது. குலவை போட்டார்கள். அக்கா மச்சானுக்கென்று இலையை மடித்துக்கொண்டிருந்தபோது பீலி நின்றது, யாரோ கையால் பொத்தியது போல.

"தண்ணி வரல," என்றது ஒரு பிள்ளை.

காலுக்கடியில் நிலம் உறுமியது. நிமிர்ந்தோம். லயம் இருந்த இடத்தில், மலையில், சிவப்பாக ஒரு கோடு.

அம்மாள்தான் எங்களைக் கீழே கூப்பிட்டுக் காப்பாற்றினாள். இன்றும் விளக்கேற்றும்போது அதைத்தான் சொல்கிறேன். "அவர ஏன்டா விட்டா?" என்று அக்கா கேட்டாள். அந்த இலைப் பொட்டலத்தை அவள் ஊசிப்போகும்வரை மடியிலிருந்து இறக்கவில்லை.

ஊற்று அதற்குப் பிறகு வேறு பக்கம் உடைத்துக்கொண்டு போய்விட்டது. பீலியைப் பிடுங்கி, மாபிள் கல் பதித்து, மோட்டாரில் அதே தண்ணீரே சுற்றி ஆடும் நீரூற்று வைத்தார்கள். அம்மாள் கல் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. சரிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னும் லயங்கள் இருக்கின்றன. பஸ் வரும்வரை அந்தக் கூரைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுப்புப் புகை தெரிந்தது. மழை விடவில்லை. பூங்காவில் தண்ணீர் தெளிவாகவே ஆடிக்கொண்டிருந்தது.