என் வாயில் சர்க்கரை போட யார் அனுமதி வேண்டும்?

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இன்று காலை நைட் ஷிப்ட் முடிந்தும், என் இடத்துக்கு வரவேண்டியவர் தாமதமாகத்தான் வந்தார். நேரத்துக்கு டிபன் சாப்பிட்டுவிடலாம் என்று நம்பிச் சர்க்கரை நோய் மாத்திரையை முன்பே போட்டுவிட்டேன். சுரங்கத்திலிருந்து வரும் மைன்ஸ் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கை நடுங்கியது, சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் இப்படித்தான். உடனே இனிப்பு உள்ளே போகாவிட்டால் மயங்கி விழவேண்டியதுதான்.

டீக்கடையில், "சர்க்கரை தூக்கலா ஒரு டீ, சீக்கிரம்" என்றேன்.

பெஞ்சில் எங்கள் குடியிருப்பு பிளாக்கின் வாக்கிங் சங்கத் தலைவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு வரவேண்டிய பிரமோஷனை வாங்கிக்கொண்டு ரிட்டையர் ஆனவர்.

"போடாதப்பா, அவருக்கு சுகர்."

"சார், சுகர் எறங்கிப்போச்சு. கண்ணு இருட்டுது."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. கட்டுப்பாடு வேணுங்க."

கடைக்காரர் கரண்டியோடு தயங்கினார். "வூட்ல அண்ணி திட்டுவாங்கண்ணே."

டப்பாவை இழுத்து இரண்டு ஸ்பூன் சர்க்கரையை வாயில் கொட்டிக்கொண்டேன். தலைவரைப் பார்த்தபடியே மென்றேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது.

நான் வீடு வருவதற்குள் தலைவர் பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்: "சுகரை வைத்துக்கொண்டு சர்க்கரையை அள்ளித் தின்கிறார்கள். திருந்தவே மாட்டார்களா?" கீழே வரிசையாகக் கைகூப்பும் எமோஜிகள்.

மயங்கி விழுந்திருந்தால் இதே ஆட்கள் பழப்பையோடு பார்க்க வந்திருப்பார்கள்.

தேவைப்பட்டால் நாளையும் தின்பேன். அதற்குச் சங்கம் கூடித் தீர்மானம் போட வேண்டியதில்லை.

உங்கள் பிளாக்கிலும் இப்படி ஒரு தலைவர் இருப்பார்தானே? சொல்லுங்கள்.

பெயர் போடாமல்தான் இதைப் பதிவிடுகிறேன். போட்டால் சொன்ன விஷயத்தை விட்டுவிட்டு, "இப்ப சுகர் எவ்ளோ இருக்கு?" என்றுதான் கேட்பீர்கள்.