எறிவதற்கு முன் அவள் பார்த்தது

என் மகள் டென்மார்க்கில், கோபன்ஹேகனை அடுத்த புரொண்பியில் ஒரு பெண்கள் குழுவில் அமெரிக்கக் கால்பந்து விளையாடுகிறாள். பெயரில்தான் கால், விளையாடுவது முழுக்கக் கையால். அவர்கள் ஆடும் வகையில் ஆளை மோதி விழுத்துவதில்லை. பந்து வைத்திருப்பவரின் இடுப்பில் தொங்கும் நாடாவைப் பிடுங்கினால் போதும், அவர் நின்றுவிட வேண்டும். மகள் குவாட்டர்பேக். பந்து முதலில் அவள் கைக்குத்தான் வரும், யாருக்கு எறிவது என்பதையும் அவள்தான் தீர்மானிக்க வேண்டும். அதற்குள் எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒருத்தி நாடாவைப் பிடுங்க ஓடி வந்துகொண்டிருப்பாள்.

இதையெல்லாம் நான் அறுபது வயதில், வீட்டில் தனியாக இருந்து படித்தேன். விளையாட்டின் மேல் எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. மகளும் நானும் கதைத்து மூன்று வருடமாகியிருந்தது. அவளோடு கதையைத் தொடங்க எனக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

கதை நின்றுபோனதற்கு நான்தான் காரணம். என் மனைவிக்குப் புற்றுநோய் வந்தபோது நாங்கள் மூவரும் நாட்டின் மேற்கே ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்தோம். இறைச்சித் தொழிற்சாலையில் காதடைப்பு மாட்டிக்கொண்டு இருபது வருடம் நின்றவனுக்கு டேனிஷ் எங்கிருந்து வரும்? காலை வணக்கம், நன்றி, நாளைக்குப் பார்ப்போம். அவ்வளவுதான் என் டேனிஷ். மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள், டேனிஷில் ஏதோ சமாளிப்பாள் என்று நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரி ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்து தந்தது. யார் என்று விசாரித்தால், எங்கள் சபையில் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் இருக்கிறவர்.

"அந்தாள் வேண்டாம்," என்றேன். "செவ்வாய்க்கிழமை டொக்டர் சொல்லுறது ஞாயிற்றுக்கிழமை ஜெபக்குறிப்பில வரும். எங்கட பிள்ளை இருக்கிறாள்தானே, அவள் சொல்லட்டும்."

பிள்ளைக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. டொக்டர் நெடுநேரம் பேசினார். பேசி முடித்த பிறகு மகளின் தலை அங்குமிங்கும் திரும்பியது. சரியான தமிழ்ச் சொல்லைத் தேடுகிறாள் என்று நினைத்தேன்.

"மருந்தை மாத்துகினமாம் அப்பா. களைப்பா இருக்குமாம். அம்மாவை வீட்டில ஆறுதலா இருக்கட்டாம்," என்றாள்.

என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மறுநாள் வேலைக்குப் போனேன். அடுத்த நான்கு மாதமும் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. மனைவி மெலிந்துகொண்டே போனாள். புது மருந்தின் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவளை அடக்கம் செய்த அன்று சபை மண்டபத்தில் எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்துபோன தாதி என் கையைப் பிடித்து, எனக்கு விளங்கும்படி மெல்ல மெல்லச் சொன்னாள்: இனிச் சுகமாகாது என்று முதல் நாளே தெரிந்தும் எவ்வளவு தைரியமாக இருந்தீர்கள். எனக்குக் கண்மண் தெரியவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் மகளைப் பார்த்துக் கத்தினேன்.

"என்ர மனுசியின்ர கடைசி நாலு மாசத்தை நீ களவெடுத்துப் போட்டாய்!"

அவள் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனாள். அடுத்த கிழமை படிக்கப் போகிறேன் என்று கோபன்ஹேகன் பக்கம் போய்விட்டாள். பிறகு நான் தொலைபேசி எடுத்தால் அவள் பேசமாட்டாள். சில மாதத்தில் நானும் வீம்புக்கு எடுப்பதை விட்டேன்.

பள்ளிக் காலத்திலேயே அவள் இந்த விளையாட்டை ஆடத் தொடங்கியிருந்தாள்; அப்போது எழுதிய கொப்பி ஒன்றை அறையில் விட்டுப்போயிருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் வட்டங்கள், அம்புக்குறிகள், ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கங்கள். திறமான ஆட்களுக்குத் தரம் போட்டிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். தோள் வலியால் வேலையை நிறுத்தியபின், மத்தியானங்களில் இணையத்தில் விளக்கப் படங்களைப் பார்க்கத் தொடங்கினேன். அப்போதுதான் தெரிந்தது, அது தரம் இல்லை, பார்க்க வேண்டிய ஒழுங்கு. முதலில் இவளைப் பார், அவள் மறிக்கப்பட்டிருந்தால் அடுத்தவளை, அதுவும் இல்லையென்றால் மூன்றாமவளை.

ஒரு பக்கத்தை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு மாதம் சென்றது. மைதானத்தின் ஒரே கரையில் ஒருத்தி தூரம் ஓடுகிறாள், இன்னொருத்தி கிட்ட நிற்கிறாள். நடுவில் எதிராளி ஒருத்தி. இரண்டு பேரையும் அவளால் மறிக்க முடியாது. எறிபவள் பார்ப்பது தன் ஆட்களை அல்ல, அந்த ஒருத்தியை. அந்த எதிராளி பின்னால் போனால் கிட்ட எறி. முன்னால் வந்தால் தூர எறி. எல்லாமே அடைபட்டுப் போனால் பந்தைக் கோட்டுக்கு வெளியே எறிந்துவிடலாம். அதனால் ஒருவருக்கும் காயம் வராது.

மகளின் குழு தங்கள் ஆட்டங்களை இணையத்தில் போடும். ஒருநாள், எறிவதற்குச் சற்று முன்னால் படத்தை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தேன். திரும்பவும் ஓடவிட்டேன். தலை ஒரு பக்கம் திரும்புகிறது, மறு பக்கம் திரும்புகிறது, பிறகு கை எழுகிறது. இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில், அந்த அறையில் அவள் டொக்டரைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் சொல்லைத் தேடவே இல்லை. பதினெட்டு வயதுப் பிள்ளையின் கையில் பந்தைக் கொடுத்து நடுவில் நிறுத்தியவன் நான். சமையலறையில் இருந்து வாய்விட்டு அழுதேன்.

அடுத்த சனிக்கிழமை ரயில் ஏறினேன். ஆட்டம் முடியும்வரை மைதானக் கரையில் நின்றேன். என்னைக் கண்டதும் அவள் தண்ணீர்ப் போத்தலோடு அப்படியே நின்றுவிட்டாள். நானே கிட்டப் போனேன்.

"பிள்ளை, அண்டைக்கு உனக்கு யோசிக்கவும் நேரம் இருக்கேல்லை. எனக்கு இப்பதான் விளங்குது. பொய் சொன்னதெண்டு உன்னைப் பேசினது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்."

அவள் பக்கத்தில் கிடந்த வாங்கில் உட்கார்ந்தாள். முதலில் டேனிஷில் ஏதோ தொடங்கினாள், பிறகு தமிழுக்கு மாறினாள்.

"நானாத் தீர்மானிக்கேல்லை, அப்பா. அம்மாவுக்கு டொக்டர் சொன்னது முழுக்க விளங்கினது. என்னைப் பாத்து, சொல்ல வேண்டாமெண்டு தலையாட்டினவ."

"ஏன்?"

"நீங்கள் எப்பவும் போல வேலையால வந்து, பஸ் பிந்தினதுக்கு ஏசி, சோறு கேக்கிறதை அவ கடைசி வரைக்கும் பாக்க விரும்பினவ."

"அதை நீ அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

"சொல்லியிருந்தால் அம்மாவோட கோவிச்சிருப்பியள். செத்துப்போனவவோட எப்பிடித் திரும்ப ராசியாகிறது? என்னோட எண்டால் ஒருநாளைக்கு வருவியள்தானே எண்டு இருந்தனான். போனில கதைச்சால் வாய் தவறிச் சொல்லிப்போடுவன் எண்டுதான் எடுக்கேல்லை."

நான் அவளைக் காத்திருக்க வைத்தது மூன்று வருடம். அந்த அறையில் நான் ஒரு தடவையாவது மனைவியின் பக்கம் திரும்பினேனா என்று யோசித்துப் பார்த்தேன். திரும்பவில்லை. அவள் என் வலது பக்கத்தில், கை எட்டும் தூரத்தில்தான் இருந்தாள்.