ரொக்ஸ்பரோவில் இறக்கிவைத்த கை

இன்று காலை அரிசிமா வறுத்துக்கொண்டிருந்தேன். வெளியே குளிர் என்றாலும் யன்னலைத் திறந்துவைத்துத்தான் வறுக்க வேண்டும். இல்லையென்றால் கூரையில் இருக்கும் புகை மணி நாலு மாடிக்கும் கேட்கும்படி அலறும். பக்கத்து வீட்டுக்காரி இரவு உடுப்போடு வந்து நிற்பார். மாவின் பச்சை மணம் போய், அந்த இளஞ்சூட்டு வாசம் எழும்பிய நேரம், என் வலது தோள் தன்பாட்டில் கீழே இறங்கி ஓய்ந்தது. சிரிக்காதீர்கள். மூக்குக்கும் தோளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் எனக்கும் தெரியாது. முன்பு என் தோளைப் பார்த்த மடாம் மிரேயின் துணிப்பைக்கும் இதே வாசம்தான். அதற்குள் கோதுமை இருக்கும். மைக்ரோவேவில் சூடாக்கி, தோளில் வைத்து, மேலே ஒரு போர்வையைப் போட்டுவிடுவார். அறை முழுக்கத் தானியம் வறுத்த வாசம் பரவும். அந்த வாசம் வந்தால் தோளை இறக்க வேண்டும் என்று என் உடம்பு எப்போதோ பாடமாக்கிவிட்டது.

மடாம் மிரேய், நோவுள்ள உடம்பைக் கையால் மெல்லத் தொட்டு இளக்குகிறவர். நகரத்தின் ஓரத்தில் இருக்கும் ரொக்ஸ்பரோவில், தன் வீட்டின் நிலக்கீழ் அறையில் அதைச் செய்துவந்தார். நான் அவரிடம் போனது இருபது வருடத்துக்கு முன்பு. அப்போது நான் ஒரு தையல் ஆலையில் குளிர்கால மேலங்கிகளுக்குக் கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க ஒரே கழுத்துப்பட்டி. வேறு யாரோ கை தைப்பார்கள், வேறு யாரோ பொத்தான் வைப்பார்கள். ஒரு முழு மேலங்கியை நான் கண்டது கடைக் கண்ணாடியில்தான்.

முதலில் தோளில் ஒரு சின்னப் பிடிப்பு. சரிவரப் படுக்கவில்லை என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் கை நெஞ்சுக்கு மேலே ஏற மறுத்தது. டாக்டர் பார்த்துவிட்டு, தோள் உறைந்துவிட்டது, இளக ஒரு வருடமும் ஆகலாம் என்று சொல்லிச் சில பயிற்சிகள் எழுதித் தந்தார். பக்கத்து மெசினில் தைத்த தெரேசக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் மன்னார்க்காரி, எதற்கும் அசையமாட்டார்.

“உறைஞ்சு போச்சாமோ? இந்தக் குளிருக்கு உறையாட்டில்தான் புதினம்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாளில் எனக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. அதைப்பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. தலைக்கனத்துக்குத் தலையில்தானே கை வைக்க வேண்டும்? வைக்க முடியவில்லை. பின்னந்தலைக்குக் கை எட்டவில்லை. இடக்கையால் மட்டும் பின்னிப் பார்த்தேன். வைக்கோல் கட்டியதுபோல் வந்தது. கடைசியில் வெட்டிவிடுவது என்று முடிவெடுத்து, இவருக்கு ஒரு துண்டு எழுதி வைத்தேன்.

இவர் என்றால் என் கணவர். நாங்கள் கலியாணம் கட்டி ஒன்றரை வருடம். அவர் சென்-லோரோனில் ஒரு சாமான் கிடங்கில் பெட்டி கட்டும் வேலை. பின்னேரம் போனால் நடுச்சாமத்துக்குப் பிறகுதான் வருவார். நான் விடிய ஆறு மணிக்கு வீட்டை விட்டு இறங்குவேன். ஆகவே நாங்கள் குடும்பம் நடத்தியது பெரும்பாலும் குளிர்ப்பெட்டிக் கதவில்தான். ‘கறி சூடாக்கவும்.’ ‘கரண்ட் பில் வந்தது.’ அந்த வரிசையில்தான் ‘முடி வெட்டப் போறன்’ என்ற துண்டும் ஒட்டப்பட்டது. மறுநாள் விடிய ஐந்தே காலுக்கு, மூன்று மணிநேர நித்திரையோடு, அவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

“வெட்ட வேண்டாம். நான் பின்னிவிடுறன்.”

“உங்களுக்குப் பின்னத் தெரியுமோ?”

“கயிறு திரிக்கத் தெரியும். இரும்.”

கயிறுதான் திரித்தார். பெட்டி கட்டிய கைக்கு இறுக்கம் ஒன்றுதான் தெரியும். அவர் இழுக்க நான் கழுத்தை விறைக்க, நான் விறைக்க அவர் இன்னும் இழுக்க, பின்னல் இடது காதுக்குக் கீழே போய் முடிந்தது. தேநீர் இடைவேளையில் தெரேசக்கா அதைப் பிடித்துப் பார்த்தார். “ஆர் பிள்ளை இதைப் பின்னினது? கப்பல் கட்டலாம் போலை கிடக்கு” என்று கேட்டு, அவிழ்த்துத் திரும்பப் பின்னிவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. நித்திரை கெட்டு எழும்பி நிற்கும் மனிதனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். என் கை என் பின்னந்தலைக்கு எட்ட வேண்டும். அப்போது கோயிலில் நான் கேட்டதும் அது ஒன்றுதான்.

எண்ணெய் பூசிப் பார்த்தேன். தெரேசக்கா தன் கட்டைவிரலால் அமத்தினார்; கண்ணில் பூச்சி பறந்தது. நொந்தால்தான் சுகம் வரும் என்பது எங்கள் ஆட்களின் வைத்திய சாத்திரம். மருந்து கைக்க வேண்டும், பிடிப்புக்கு அமத்தினால் கத்த வேண்டும். கத்திப் பார்த்தும் கை இளகாததால், தெரேசக்காவே மடாம் மிரேயின் பெயரைச் சொன்னார். அவர் தெரேசக்காவின் பங்குக் கோயிலில் பாடுகிறவராம்.

“பெலத்து அமத்தமாட்டா. தொடுறதே தெரியாது. என்ரை நாரிப்பிடிப்பு இப்ப எவ்வளவோ சுகம்.”

“தொடுறது தெரியாட்டில் பேந்து என்னத்துக்கு அக்கா போறது?”

“வந்து பாரன்.”

சனிக்கிழமை ரயில் எடுத்துப் போனோம். உடுப்பைக் கழற்றச் சொல்வார்களோ என்ற பயத்தில் மூன்று சட்டை போட்டிருந்தேன். மேலங்கியையும் சப்பாத்தையும் தவிர எதையும் கழற்ற வேண்டியிருக்கவில்லை. படுப்பதற்கு முன் மடாம் மிரேய் நிறையக் கேட்டார்: எப்போது நோகிறது, டாக்டர் என்ன சொன்னார், விரல் விறைக்கிறதா, எந்தப் பக்கம் படுக்கிறேன். பிறகு பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். தெரேசக்கா அதை எனக்கு மொழிபெயர்த்தார்.

“நொந்தால் சொல்லட்டாம்.”

“இவ்வளவு நேரம் கதைச்சது அதுக்கோ?”

“டாக்டரை விட வேண்டாமாம், தோள் எப்ப திரும்புமெண்டு தன்னாலை சொல்லேலாதாம், நோவு கொஞ்சம் குறையலாமாம். இதெல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதானே.”

உண்மையில் எனக்குத் தெரியாது. அற்புதம் நடக்கும் என்றுதான் நான் வந்திருந்தேன்.

மல்லாந்து படுத்தேன். மடாம் மிரேய் என் வலது கையை, முழங்கையில் ஒரு கையும் மணிக்கட்டில் ஒரு கையுமாகத் தாங்கி, கட்டிலிலிருந்து ஒரு சாண் உயர்த்தினார். ஓய்வாக விடு, பாரத்தை என்னிடம் தா என்றார். நான் விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாகத் தன் இரண்டு கையையும் எடுத்துவிட்டார். என் கை விழவில்லை. பிடிக்க ஆளில்லாமல் தன்பாட்டில் அந்தரத்தில் நின்றது. அவர் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

“கையை விடு பிள்ளை. அவ பிடிக்கிறா” என்றார் மூலையில் இருந்த தெரேசக்கா.

“பாவமக்கா. வயசு போன மனுசி. பாரமெல்லே.”

இதையும் தெரேசக்கா மொழிபெயர்த்திருக்க வேண்டும். மடாம் மிரேய் வயிறு குலுங்கச் சிரித்தார். உங்கள் ஆட்கள் எல்லோரும் எனக்கு உதவி செய்கிறீர்கள் என்றார். தலையைத் தூக்கப் போனால் தாங்களே தலையைத் தூக்கித் தருவார்களாம், காலைப் பிடித்தால் காலைத் தூக்கித் தருவார்களாம். தெரேசக்கா மூன்றாம் முறை வந்தபோதுதான் தன் தலையை அவரிடம் விட்டாராம். நினைத்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை. வளைந்த வெளிப்படியில், உறைபனியில், சோபாவைத் தாங்களே தூக்கி மூன்றாம் மாடிக்கு ஏற்றிய ஆட்கள் நாங்கள். விருந்துக்குப் போன வீட்டில் கோப்பை கழுவாமல் வந்ததில்லை. பாரம் கொடுப்பது எங்களுக்குப் பழக்கமில்லாத வேலை.

அன்று அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்றுதான் பட்டது. தோள்மூட்டின் ஓரத்தில் இரண்டு விரலால் ஒரு மெல்லிய அசைவு. கழுத்தடியில் இன்னொன்று. பிறகு சூடான பையை வைத்துவிட்டு அறையை விட்டுப் போய்விட்டார். முடிந்துவிட்டது என்று நினைத்து நான் எழும்பி, போர்வையை நாலாக மடித்து, விரிப்பைத் தட்டி, சப்பாத்தும் போட்டுவிட்டேன். தெரேசக்காவுக்கு இந்த இடைவெளி தெரிந்திருக்கும்தான். ஆனால் அவர் கதிரையில் கண்ணயர்ந்துவிட்டார். மடாம் மிரேய் திரும்பி வந்து, மடித்த போர்வையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். தொட்ட பிறகு உடம்பைச் சில நிமிடம் தனியே விடவேண்டுமாம். அதுவும் வைத்தியத்தில் சேர்த்தியாம். நான் திரும்பவும் சப்பாத்தைக் கழற்றினேன்.

அடுத்த நாள் காய்ச்சல் விட்ட உடம்புபோல் ஒரு மெல்லிய அலுப்பு. அதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தாராம், தெரேசக்கா மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அந்த இரவு, பல மாதத்துக்குப் பிறகு, தோள் என்னை எழுப்பவில்லை.

பிறகு தனியே போய்வந்தேன். அவர் சாப்பிட ரோல்ஸ் செய்து கொண்டுபோனேன். வெறுங்கையோடு எப்படிப் போவது? நாலாம் முறையோ ஐந்தாம் முறையோ, அவர் கையைத் தூக்கியபோது ஒரு கணம் என்னை மறந்துவிட்டேன். கை அவருடைய உள்ளங்கைக்குள் பொத்தென்று விழுந்தது. என் கை இவ்வளவு பாரமா என்று எனக்கே அதிர்ச்சி. மடாம் மிரேய் அதை அப்படியே தாங்கி வைத்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று கேட்காதீர்கள். வந்தது, அழுதேன், பிறகு குறட்டை விட்டு நித்திரை கொண்டேன்.

அந்த வாரம் ஒருநாள் விடிய, இவர் சீப்போடு வந்து நின்றபோது, நான் கழுத்தை விறைக்கவில்லை. தலையை அப்படியே அவர் கையில் விட்டேன்.

“என்ன, நித்திரையோ?”

“இல்லை. நீங்கள் இழுங்கோ.”

அவர் இழுக்கவில்லை. நான் விறைக்காததால் அவருக்கும் இழுக்கத் தேவையில்லாமல் போயிற்று. பின்னல் முதன்முறையாக முதுகின் நடுவில் விழுந்தது. அதன் பிறகுதான் நாங்கள் கதைக்கத் தொடங்கினோம். முகம் பார்க்காமல் கதைப்பது இரண்டு பேருக்கும் சுலபமாக இருந்தது. கிடங்கில் அவருக்கு ஒரு சிநேகிதரும் இல்லை என்பதையும், முதல் பனிக்காலத்தில் சொல்லாமல் ஊருக்குத் திரும்ப அவர் யோசித்ததையும் அந்த அரை மணித்தியாலங்களில்தான் அறிந்தேன். அந்த மனிதர் எனக்குப் பிடித்துப்போனார். கலியாணம் கட்டி இரண்டாவது வருடத்தில் சொல்லக்கூடாத வசனம்தான். ஆனால் உண்மை அதுதான்.

பங்குனி மாதத்தில் ஒருநாள், ஆலையின் கழுவும் அறைக் கண்ணாடியில், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கப்போன கை நிற்காமல் மேலே போனது. பின்னந்தலையைத் தொட்டது. நான் இன்னொருதரம் தூக்கினேன். இன்னொருதரமும் தொட்டது. மடாம் மிரேயின் கையோ, டாக்டரின் பயிற்சியோ, அல்லது உறைந்தது தன்பாட்டில் இளகியதோ, சத்தியமாக எனக்குத் தெரியாது. சந்தோசத்தில் மூன்றாம் தரமும் தூக்கினேன். அடுத்த கணமே நாளை விடிய ஐந்தே கால் நினைவுக்கு வந்தது. கையை மெதுவாகக் கீழே இறக்கினேன்.

வீட்டில் சொல்லவில்லை. மடாம் மிரேயிடம் மட்டும் சொன்னேன். அவர், இனி நீ வரத் தேவையில்லை என்று கன்னத்தில் கொஞ்சி அனுப்பினார். மூன்று மணிநேரம் நித்திரை கொள்ளும் மனிதனை ஏமாற்றுகிறேன் என்று குற்ற உணர்ச்சி இருந்தது. இருந்தும் ஒவ்வொரு விடியலும், நாளைக்குச் சொல்லலாம் என்று கதிரையில் போய் இருந்துவிடுவேன். ஆனி மாதம் அவருக்குப் பகல் வேலை கிடைக்கும்வரை, மூன்று மாதம் அந்தக் கள்ளம் நடந்தது.

இப்போது அந்தத் தையல் ஆலை அலுவலகங்களாகிவிட்டது. அந்தப் பழைய ரயிலும் இல்லை. ஓட்டுநர் இல்லாத புது வண்டி ஓடுகிறது. மடாம் மிரேய் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். எந்த ஊர் என்று கேட்டு வைக்காதது என் பிழை. குளிர்ப்பெட்டிக் கதவில் ஒரு துண்டும் இல்லை. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழும்பி, ஒரே நேரத்தில் படுக்கிறோம்.

இதை எழுதுவதற்கு முன், இருபது வருடம் கழித்து, இவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கைத்தொலைபேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

“எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“மேல்தட்டிலை கிடந்த புட்டுப்பானை தன்பாட்டிலையோ இறங்கி வந்தது?”

“தெரிஞ்சும் பேந்து ஏன் எழும்பினனீங்கள்?”

அவர் கைத்தொலைபேசியை மடியில் வைத்தார்.

“நீர் வந்து கதிரையிலை இருந்தனீர். நான் பின்னினன்.”

சொல்லிவிட்டுத் திரும்பவும் செய்திக்குள் போய்விட்டார். நான் அவருக்குப் பின்னால் சற்று நேரம் நின்றேன். என் கை இப்போது எங்கும் எட்டும். முடிதான் கழுத்தோடு நின்றுவிட்டது; பின்னுவதற்குக் காணாது.