வலது தோளில் ஒரு தட்டு

என் தம்பிக்குக் கார்ப் பைத்தியம். என் வீட்டுக்காரருக்குப் பைக் பைத்தியம். இந்த இரண்டு பைத்தியங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் நான். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். வகுப்பில் கிடைக்கிற மரியாதைகூட வீட்டில் எனக்குக் கிடையாது.

தம்பிக்கு ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் வியாபாரம். சம்பாதிப்பதையெல்லாம் அந்தக் காருக்குள்ளேயே கொண்டுபோய்ப் போட்டான். டர்போவைப் பெரிதாக மாற்றினான். கோயம்புத்தூருக்குப் போய் என்ஜினின் கம்ப்யூட்டரை வேறு மாதிரி எழுதி வாங்கி வந்தான். சைலன்சர் இருந்த இடத்தில் ஒரு குழாயை மாட்டினான். அது ஊளையிடுவது ஆற்றுக்கு அக்கரை வரை கேட்கும். கடைசியில், எடை குறைய வேண்டும் என்று பின் சீட்டையே கழற்றி மச்சில் தூக்கிப் போட்டுவிட்டான். அதற்குப் பிறகு அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனால் பூக்கூடையும் தேங்காய்ப் பையும் அம்மா மடியில்தான். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் அடிவயிறு தரையில் உரசும். உரசும்போதெல்லாம் அம்மா முருகனைக் கூப்பிடுவாள்.

என் வீட்டுக்காரருடையது சிவப்பு பைக். அறுநூறு சிசி, நான்கு சிலிண்டர். நாற்பத்தைந்து வயதில், தலை நரைத்த பிறகு, யாரோ வைத்திருந்ததை வாங்கினார். அவருக்குக் கங்கைகொண்டானில் ஒரு ஆலையில் வேலை. தினமும் அந்த பைக்கில் நாலுவழிச் சாலையில் போய் வருவார். சாயங்காலம் ஆனால் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன், காது மட்டும் தெருமுனையில் இருக்கும். சத்தம் வந்த பிறகுதான் காப்பிக்குப் பால் வைப்பேன்.

ஒரு மழை நாளில் முழங்காலில் பேண்ட் கிழிந்து வந்தார். தாழையூத்துப் பக்கம் லேசாகச் சறுக்கிவிட்டதாம். லாரி பின்னால் வந்ததா என்று கேட்டேன். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், இந்த பைக் வீட்டை விட்டுப் போக வேண்டும்.

சொல்லியும் பார்த்தேன். "நீ விக்கச் சொன்னா வித்துருதேன்" என்றார். ஆனால் சொல்லும்போது அவர் முகம் போன போக்கு இருக்கிறதே, கேட்ட நானே சட்டென்று பேச்சை மாற்றிவிட்டேன். பைக் போக வேண்டும், ஆனால் என் வாயால் போகக் கூடாது. என் ஆசை அவ்வளவுதான்.

அதற்கு வழி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தானாக வந்தது. அம்மாவையும் தம்பியையும் சாப்பிடக் கூப்பிட்டுச் சொதி வைத்திருந்தேன். தேங்காய்ப்பால் குழம்பும் இஞ்சித் துவையலும் உள்ளே போனால் மனிதர்கள் பேசாமல் தூங்க வேண்டும். இவர்கள் சண்டை போட்டார்கள். நின்ற இடத்திலிருந்து எது முதலில் பாயும், காரா பைக்கா? வருஷக்கணக்காக ஓடுகிற வழக்கு.

"அத்தான், ஒங்க பைக்கு சும்மா சத்தந்தான் போடுது. ஏங் கார்ல இருநூத்தம்பது குதிர நிக்கு" என்றான் தம்பி.

"குதிர நிக்கட்டும் மாப்ள. அது எதை இழுக்குதுன்னு பாக்கணும்லா" என்றார் இவர்.

பேச்சு முற்றி, தோற்றவன் தன் வண்டியை விற்றுவிட வேண்டும் என்பதில் வந்து நின்றது. இருவரும் அம்மா முன்னால் வாக்குக் கொடுத்தார்கள். அம்மா மோர் ஊற்றிக்கொண்டே, "ரெண்டையும் வித்தா இன்னும் நல்லது" என்றாள்.

எனக்கு மனதுக்குள் ஒரு மணி அடித்தது. கைகழுவப் போன இடத்தில் கணக்குப் போட்டேன். விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம். வகுப்பில் வருஷா வருஷம் சொல்லி வாய் வலித்த பாடம். தம்பியின் காரையும் அவனையும் சேர்த்தால் ஆயிரத்து நானூறு கிலோ. ஒரு குதிரைத் திறனின் பங்குக்கு ஐந்தரைக் கிலோவுக்கு மேல் வருகிறது. பைக்கில் நூறு குதிரைதான். ஆனால் இவரையும் சேர்த்து மொத்தமே இருநூற்று எழுபது கிலோ. ஒரு குதிரைக்கு மூன்று கிலோகூட இல்லை. தம்பி எத்தனை சீட்டைக் கழற்றினாலும் பைக்தான் முந்தும். காருக்கு ஏதாவது வாய்ப்பு வர வேண்டுமானால் காற்று குறுக்கே நின்று தடுக்கும் பெரிய வேகத்துக்குப் போக வேண்டும். அதற்கு இவர்கள் பேசிவைத்த குட்டைச் சாலை போதாது.

கூடத்துக்கு வந்து, "நானும் பைக்ல பின்னால இருப்பேன். இவிய தனியா போறதா இருந்தா இந்தப் பந்தயமே வேண்டாம்" என்றேன்.

தம்பிக்கு வாயெல்லாம் பல். "அக்கா, நீதான்க்கா ஏங் கூடப் பொறந்தவ" என்றான். இவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி, ஏறிக்க" என்றார்.

என் எடை எவ்வளவு என்று இங்கே சொல்லப்போவதில்லை. அதைச் சேர்த்தாலும் குதிரைக்கு மூன்றரைக் கிலோவைத் தாண்டவில்லை. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. ஆனால் நான் நம்பியிருந்தது எடையை அல்ல, என் கையை.

கல்யாணமான புதிதில் இவரிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. காற்றில் கத்தினால் கேட்காது என்று அப்போதே ஒரு ஏற்பாடு. வலது தோளில் நான் ஒரு தட்டுத் தட்டினால் பைய போக வேண்டும். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் ஏன் என்று கேட்டதில்லை. தட்டியதும் கை தானாக ஆக்சிலரேட்டர் முறுக்கை விட்டுவிடும். பாதி தூரத்தில் ஒரு தட்டு, கார் முந்திவிடும், பைக் போய்விடும். பிறகு பயந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பெண்பிள்ளை பயந்தால் யார் குற்றம் சொல்லப்போகிறார்கள்?

கங்கைகொண்டானுக்கு அந்தப் பக்கம் தம்பியின் சிநேகிதர் ஒருவர் பிளாட் போட்டிருந்தார். நேராக ஒரு தார்ச்சாலை, இரண்டு பக்கமும் எல்லைக்கற்கள், வெயிலில் வெளுத்த கொடிகள், கண்ணுக்கெட்டிய வரை ஒரு வீடு கிடையாது. வாசலில் இரும்பு கேட். அதைப் பூட்டிவிட்டால் ஆள் வராது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் போய்விட்டோம். நான் கொண்டுபோன கோலப்பொடியில் அந்தச் சிநேகிதர் குறுக்கே கோடு போட்டார். கோணலாகப் போட்டதால் நான் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். தம்பி முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். அம்மா கொடுத்தனுப்பியதாம். பைக்குக்கு ஒன்றும் கொடுத்தனுப்பவில்லை. மாப்பிள்ளை என்றால் அவ்வளவுதான்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினேன். அந்தப் பின்சீட்டைச் சீட்டு என்று சொல்வதே பாவம். இட்லித் தட்டு அளவுதான் இருந்தது. "நல்லா புடிச்சுக்க" என்றார். இடது கையால் அவர் இடுப்பைப் பிடித்தேன். வலது கையைத் தோளுக்குப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டேன்.

சிநேகிதர் தோளில் கிடந்த துண்டை உயர்த்திக் கீழே வீசினார்.

காரின் முன் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே கிறீச்சென்று சுற்றின. எலுமிச்சையும் ரப்பரும் கலந்து ஒரு நாற்றம். இவரோ நான் இருக்கிறேன் என்று பதமாக எடுத்தார். அப்படியும் முன் சக்கரம் ஒரு சாண் தூக்கியது. நான் முறுக்கு பிழிவது போல அவர் இடுப்பை இறுக்கினேன். இவர் முறுக்கைக் குறைத்தார். அதற்குள் கார் பிடிமானம் கண்டு எங்களைத் தாண்டிவிட்டது. என் பாடு சுலபமாகிவிட்டது, தட்டக்கூட வேண்டாம் போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

அப்போது தம்பி கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, எனக்கு டாட்டா காட்டினான்.

சின்ன வயதில் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இதே டாட்டாதான் காட்டுவான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அந்த நேரம் பார்த்து இவர் கியரை மாற்றினார். என் வயிறு கோலப்பொடிக் கோட்டிலேயே தங்கிவிட்டது, உடம்பு மட்டும் முன்னால் போனது. முடுக்கம் என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அது இப்படி முதுகெலும்புக்குள் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. காரின் பின் விளக்கு வந்தது, கதவு வந்தது, தம்பியின் முகம் வந்தது. அவன் வாய் திறந்திருந்தது. என் வலது கை தோளில்தான் இருந்தது. அது தட்டவில்லை. நான் குனிந்து அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டேன். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். கார் பின்னால் போய் வெறும் சத்தமாகிவிட்டது.

எல்லைக்கற்கள் முடிகிற இடத்துக்கு வெகுமுன்பே அவர் பைய பிரேக் பிடித்து நிறுத்தினார். இறங்கினேன். வாய் தானாகச் சிரித்தது. இவர் ஹெல்மெட்டைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, நீ தட்டுவன்னுலா நெனச்சேன்."

"நான் எதுக்குத் தட்டணும்?"

"பெறவு எதுக்குப் பின்னால ஏறுன? கோட்டுலேருந்தே காத்துக்கிட்டிருந்தேன். தட்டியிருந்தா கைய எடுத்திருப்பேன். நேத்து ராத்திரியே மனசுல அத வித்தாச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் தம்பி வந்து, டயர் சரியில்லை, எலுமிச்சை வழுக்கிவிட்டது என்று ஆரம்பித்தான். நான் அழுவதைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்து, "ஜெயிச்சவ எதுக்குக்கா அழுத?" என்றான்.

தம்பி வாக்குத் தவறவில்லை. இப்போது அவன் ஓட்டுவது பின் சீட்டுள்ள கார். அம்மா அதில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்கிறாள். அந்தப் பழைய காரைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்னமும் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறான்.

பந்தயம் முடிந்த மறுநாள், இவர் பைக் சாவியை அடுப்படியில் என் வீட்டுச் சாவி தொங்கும் ஆணியில் மாட்டிவிட்டு, ஆலை பஸ்ஸுக்குக் கிளம்பினார். நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து பஸ்தான். பஸ் வருகிற சத்தமே எனக்குக் கேட்பதில்லை, அவர் வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் பால் வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் சாவியை நான் எடுத்துக் கொடுப்பேன். சேரன்மகாதேவி வரை போய் வருவோம், இரண்டு பக்கமும் வயல். வலது தோளில் தட்டினால் பைய போவார், அது பழைய ஏற்பாடு. இடது தோளில் தட்டினால் கொஞ்சம் முறுக்குவார். இது புதிது, நான் கொண்டுவந்தது. நான் தட்டாமல் அவராக முறுக்குவதில்லை.

போன ஞாயிறு இரண்டு தடவை தட்டினேன்.