குளிர்காலப் பள்ளியும் மைசூர் வருகைப் பட்டியலும்

பிப்ரவரி இரண்டாவது வாரம் மைசூருக்குப் போய் வந்தேன். பன்னிரண்டு வருடம் முன்புவரை நான் வரலாறு நடத்திய கல்லூரியில், அமெரிக்காவில் கல்வி எல்லோருக்கும் எப்படித் திறந்தது என்று ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அரண்மனை பற்றிய குறிப்புகளுக்காக வந்தவர்கள் மன்னிக்கவும்; இந்த முறை அந்தப் பக்கமே போகவில்லை.

சத்தியமங்கலத்தில் காலை 6:40 பேருந்து. மைசூர் வரை சுமார் 135 கிலோமீட்டர், டிக்கெட் 190 ரூபாய். திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு வளைவுகள் முடியும்வரை எதையும் படிக்காதீர்கள், தலை சுற்றும்.

மேலே ஏறிய பிறகுதான் என் பழைய குறிப்புகளைப் பிரித்தேன். வரி போட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் நடத்திய பள்ளிகள், அடிமைகள் எழுத்து படிப்பதைத் தடுத்த சட்டங்கள், விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்காக அரசு நிலம் கொடுத்து எழுந்த கல்லூரிகள் என்று வரிசையாக இருந்தன. நடுவில் ஒரு வரி: "கிராமங்களில் பெரிய பிள்ளைகளுக்குப் பள்ளி குளிர்காலத்தில் நடந்தது, ஏனென்றால் மற்ற மாதங்களில் அவர்களுக்கு வயலில் வேலை."

இதை நான் நடத்திய அதே பருவத்தில்தான் தேர்வுப் பட்டியலிலிருந்து ரத்னாவின் பெயரை அடித்தேன். ஹனூர் பக்கம் கௌதள்ளியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். மஞ்சள் வெட்டுக்காக மூன்று வாரம் ஊருக்குப் போனாள், வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. விலக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போடும் அதிகாரம் என்னிடம் இருந்தது. "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சொல்லி அனுப்பினேன். தேர்வு எழுத முடியாமல் போனவள் பிறகு கல்லூரிக்கே வரவில்லை. பாடமும் அந்தப் பட்டியலும் ஒரே விஷயம் என்று அன்று எனக்கு உறைக்கவில்லை.

11:10க்கு மைசூர். பேச்சு மூன்று மணிக்கு. ரத்னா தேவராஜ மொஹல்லாவில் பூசைச் சாமான் கடை வைத்திருப்பதாக முன்பே கேள்விப்பட்டிருந்தேன். ஆட்டோ 40 ரூபாய். மார்க்கெட் சந்துக்குள் வண்டி போகாது. இறங்கி நடக்க வேண்டும்.

பார்த்ததும் தெரிந்துகொண்டாள். "வாங்க மேடம், அட்டெண்டன்ஸ் எடுக்க வந்தீங்களாக்கு?"

பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று செய்தது தப்பு என்று மட்டும் சொன்னேன்.

"அது ஆச்சு போச்சு. ஸ்வல்ப இருங்க, ஒரு நிமிஷம்." கற்பூரம் கேட்டவரை அனுப்பிவிட்டு வந்தாள். "எங்கண்ணன் மக காவ்யா இப்ப அங்கதான் படிக்கறா. மஞ்சள் வெட்டுன்னு பதினெட்டு நாள் போயிட்டா. பரீட்சைக்கு விடமாட்டேங்கறாங்களாம். இன்னிக்கு அங்கதானே பேசப் போறீங்க? அவளுக்காக ஒரு வார்த்தை கேளுங்க."

இரண்டரைக்கே துறைத் தலைவரின் அறையில் இருந்தேன். என்னிடம் படித்து, என் கீழே வேலைக்குச் சேர்ந்தவர். காவ்யாவுக்காகக் கேட்டேன்.

"பரீட்சை லிஸ்ட் காலைலயே யூனிவர்சிட்டிக்குப் போயாச்சு மேடம். போகலைன்னாலும் அவ பேரைச் சேர்த்திருக்க மாட்டேன். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே?" பாராட்டாகத்தான் சொன்னார். மறுபடி கேட்டேன், மறுபடி அதே பதில்.

பேச்சின்போது காவ்யா மூன்றாவது வரிசையில் இருந்தாள். முடிந்ததும் எழுந்து பெயரைச் சொன்னாள். "மேடம், பள்ளிக்கூடம் எந்த மாசம் நடக்கணும்னு அமெரிக்காவுல யார் முடிவு பண்ணினாங்க?"

"ஊர்க்காரங்க கமிட்டி. பெரும்பாலும் விவசாயிங்க."

"ஓ, எங்கப்பா மாதிரி ஆளுங்களா?" என்று உட்கார்ந்தாள். துறைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் நன்றி சொல்லி முடித்துவிட்டேன்.

கடைக்குத் திரும்பிப் போய்ச் சொன்னேன். ரத்னா ஊதுபத்தி அடுக்குவதை நிறுத்தவில்லை. "கேட்டீங்கல்ல, அதே போதும்னு சொல்லணும். ஆனா போதாது மேடம்." கடைசிக் கட்டை அடுக்கிவிட்டு, "காபி குடிக்கறீங்களா?" என்றாள். குடித்தேன்.

காவ்யா அடுத்த வருடம் எழுதலாம் என்கிறார்கள். ரத்னாவிடமும் அன்று அதைத்தான் சொன்னார்கள். வேலை நாட்களை மஞ்சள் வெட்டுக்கு ஏற்ப மாற்றக் கேட்டு கல்லூரிக்கு ஒரு மனு எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை.

போகிறவர்களுக்கு: திரும்பும்போது மைசூரில் மாலை ஐந்துக்குள் ஏறிவிடுங்கள், திம்பம் பாதையை இரவில் மூடிவிடுவார்கள். ரத்னாவின் ஊரான கௌதள்ளிக்கு மைசூரிலிருந்து கொள்ளேகால், ஹனூர் வழியாகச் சுமார் நூற்றுப் பத்து கிலோமீட்டர். ஹனூரில் பேருந்து மாற வேண்டியிருக்கும். தமிழும் கன்னடமும் செல்லும். ஜனவரியிலிருந்து மார்ச்வரை மஞ்சள் வெட்டு, வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள், நேரே மஞ்சள் விளையும் காட்டுக்குப் போய்ப் பாருங்கள். நீங்கள் ஆசிரியர் என்றால் அந்த மாதங்களில்தான் போக வேண்டும். இதெல்லாம் ரத்னா சொல்லி எழுதியது. மைசூரில் வேலை பார்த்த ஒன்பது வருடத்தில் நான் ஒரு முறைகூட அங்கே போனதில்லை.