தொப்பி களவெடுக்கும் காய்ச்சல்

பாமசி வேலையில் மருந்து கொடுப்பது லேசு. கொடுக்காமல் இருப்பதுதான் உயிர் போகிற வேலை. கல்முனைக் கடைத்தெருவில் ஒரு கவுண்டருக்குப் பின்னால் பன்னிரண்டு வருடமாக இரண்டையும் செய்கிறேன். என்னைப் போல நின்று நின்று கால் வீங்கி, சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிய பாமசிக்காரர்களே, இந்த வயிற்றெரிச்சலை உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவது?

மாரி மழை விழுந்தால் ஊருக்கே மூக்கு வடிந்து தும்முகிற தடிமன் காய்ச்சல். வருகிற ஆள் எல்லாம் அன்டிபயோட்டிக் கேட்பார். அது வைரஸ் காய்ச்சல், அன்டிபயோட்டிக் வேலை செய்யாது, டொக்டர் எழுதிய மருந்துத் துண்டு இல்லாமல் தரவும் ஏலாது என்று சொன்னால், நான் என் வீட்டுச் சொத்தை ஒளித்து வைத்திருப்பது மாதிரிப் பார்ப்பார்கள். சரி, விளங்கப்படுத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அங்கேதான் பிடித்தது வினை. உயர்தரத்தில் உயிரியல் படித்த நாளில் இருந்து புரதத் தொகுப்பு என்ற பாடம் என்றால் எனக்குப் பைத்தியம். தொடங்கினால் நிற்பாட்டத் தெரியாது. கீழே இருக்கிற கதைகளில் முக்கால்வாசி சிரித்துவிட்டுப் போகலாம். கடைசியில் மட்டும் என் வாயால் ஒரு மனிதரின் உயிர் ஊசலாடியது. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஒட்டுத் துண்டு

ஒரு மீன் வியாபாரி துண்டு ஒன்றை நீட்டினார். தலைப்பகுதியில் டொக்டரின் பெயர், பட்டம், பதிவு நம்பர், எல்லாம் பளிச்சென்று அச்சில். கீழே மருந்தின் பெயர் கோணல்மாணலாகப் பேனையில். நடுவில் கை பட்டால் பசை ஒட்டுகிறது. நோயாளியின் பெயரைப் பார்த்தால் ஒரு பெண்பிள்ளையின் பெயர். பழைய துண்டு ஒன்றின் தலையை வெட்டித் தன் கடதாசியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார் மனுசன்.

கோபம் வர வேண்டும். எனக்கு வந்தது சந்தோசம்! ஏனென்றால் தடிமன் காய்ச்சல் வைரஸ், அதாவது இன்புளுவென்சா, நம் உடம்புக்குள் செய்கிற களவும் அச்சொட்டாக இதுதான். நம் உடம்பில் எந்தப் புரதம் செய்வதென்றாலும் ஒரு துண்டு எழுதப்படும். தலைமுடியா, இன்சுலினா, இரத்தத்தின் சிவப்பா, எல்லாவற்றுக்கும் துண்டு. அந்தத் துண்டின் தலையில் ஒரு சின்ன மூடி இருக்கும். விஞ்ஞானிகள் அதைத் தொப்பி என்றே சொல்கிறார்கள். தொப்பியைக் கண்டால்தான் புரதம் செய்கிற மெசின் துண்டை வாசிக்கத் தொடங்கும். தடிமன் வைரஸுக்குத் தொப்பி செய்யத் தெரியாது. நம் துண்டின் தலையைத் தொப்பியோடு வெட்டித் தன் துண்டில் ஒட்டிக்கொள்ளும். மெசின் பாவம், நம்பி வேலை செய்யும். இதை நான் கால் மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். மீன் வியாபாரி மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "டொக்டரும் உண்மை, காய்ச்சலும் உண்மை. ஒட்டினது மட்டும்தானே மிஸ் பொய்?"

மூணு நாள் குளிசை

ஒரு அன்டிபயோட்டிக் மூன்று நாள் மூன்று குளிசை என்று எழுதப்படும். ஊரில் அதற்கு 'மூணு நாள் குளிசை' என்றே பெயர். சாய்ந்தமருதில் இருந்து ஒரு தாய் டொக்டரின் சரியான துண்டோடு வந்து வாங்கிப் போனார். அடுத்த கிழமை திரும்பவும் வந்து, இருமல் விடவில்லை என்று என்னோடு சண்டை. மூன்றையும் ஒழுங்காகக் குடித்தீர்களா என்று கேட்டேன். அவர் விரலை மடக்கிக் காட்டினார்: "நான் ஒண்டு, மாப்புள ஒண்டு, மாமி ஒண்டு. மூணும் சரியா முடிஞ்சிதானே!"

பள்ளித் தொப்பி

துண்டு, மெசின் என்றால் சிலருக்கு ஏறுவதில்லை. அதனால் எங்கள் வீட்டுக் கதையை எடுத்துவிடுவேன். பள்ளிவாசலில் தொப்பி இல்லாமல் வருகிறவர்களுக்கென்று ஒரு கூடையில் பொதுத் தொப்பிகள் கிடக்கும். தொழுதுவிட்டுத் திரும்பக் கூடையில் போட வேண்டும். என் கணவர் போட மாட்டார். களவு இல்லை, மறதி. பள்ளித் தொப்பியோடு வந்து, பள்ளித் தொப்பியோடு சோறு தின்று, பள்ளித் தொப்பியோடு தூங்குவார். மாதத்தில் ஒரு தடவை பையில் கட்டித் திருப்பி அனுப்புவது நான். அல்லாஹ் தந்த மாப்பிள்ளை, என்ன செய்ய?

ஒரு நாள் கடை நிறையக் காய்ச்சல்காரர். நான் இந்தக் கதையைச் சொல்லி முடித்தேன். கூடையில் தொப்பி குறைந்தால் பள்ளிக்கு நட்டம். துண்டில் தொப்பி போனால் நமக்கு நட்டம். பற்றீரியாவுக்கு இந்தத் தொப்பி விளையாட்டே இல்லை. அதற்குச் சொந்த மெசின், வேறு மாதிரி மெசின். மூணு நாள் குளிசை போய் அடைப்பது அந்த மெசினைத்தான். வைரஸுக்கு மெசினே கிடையாது, நம் மெசினில் ஓசியில் வேலை பார்க்கிறது, அப்போது குளிசை எதை அடைக்கும்? எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சுவரோரம் உட்காரப் போட்ட வாங்கில் இருந்த சுலைஹா ராத்தா, மருதமுனையில் தறி நெய்கிறவர், கிழமைக்கு ஒரு தடவை பிரசர் மருந்துக்கு வருகிறவர், மெதுவாகக் கேட்டார்: "அப்ப தங்கச்சி, ஒங்கட மாப்புளதான் வைரஸா?"

கோழிக்குத் தடிமன்

ஆதம்பாவா காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்) சம்மாந்துறைக்காரர். வட்டை என்கிற வயல்வெளியில் சொந்தமாக வயல் செய்கிறவர். மனைவியின் மருந்துக்கு மாதா மாதம் வருவார். வந்தால் ஒரு பையில் கீரையோ, மரவள்ளிக் கிழங்கோ கவுண்டரில் வைத்துவிட்டு, வேண்டாம் என்று சொல்வதற்குள் நகர்ந்துவிடுவார். அதிர்ந்து கதைக்கத் தெரியாத மனிதர். எனக்குப் பிடித்த வாடிக்கையாளர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்.

விதைப்புக் காலத்தில் எலிக்காய்ச்சல் வராமல் இருக்க வயல்காரர்களுக்கு பி.எச்.ஐ. மாத்தயா, ஊர்ச் சுகாதாரப் பரிசோதகர், கெப்சூல் கொடுப்பார். எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீர் கால் வெடிப்பில் பட்டால் கிருமி உள்ளே போகும். வாரத்துக்கு ஒரு தடவை அந்தக் கெப்சூலைக் குடித்தால், கிருமியின் மெசின் அடைபட்டுப் புரதம் செய்ய வழியில்லாமல் கிடக்கும். ஆதம்பாவா காக்கா வெறும் அட்டையைக் கொண்டுவந்து, இதைப் போல இன்னும் கிடைக்குமா என்று கேட்டார். எல்லாம் குடித்து முடித்துவிட்டாரே என்று நான் சந்தோசப்பட்டேன். அவர் வெட்கத்தோடு சொன்னார்: "எனக்கி ஒண்டும் இல்லயே மிஸ், சுகமா இரிக்கக்க ஆரு மருந்து குடிக்கிற? கோழிக்குத்தான் தடிமன்."

அன்றைக்கு நான் சொன்னது

அதற்குப் பிறகு மூன்று கிழமை இருக்கும். காலையிலேயே ஆதம்பாவா காக்கா வந்தார். காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு. கையில் கீரைப்பை இல்லை. "மிஸ், மூணு கிழமையா வட்டையில..." என்று தொடங்கினார். அதற்கு முன்னால்தான் இரண்டு பேர் அன்டிபயோட்டிக் கேட்டு என் மண்டையைக் காய்ச்சிவிட்டுப் போயிருந்தார்கள். "காக்கா, நீங்களுமா? முதல்ல நான் செல்றதக் கேளுங்க" என்று பிடித்துக்கொண்டேன். துண்டு, தொப்பி, மெசின், பள்ளித் தொப்பிக்கூடை, ஒன்றையும் விடவில்லை. அவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பனடோல் கொடுத்து, நிறையத் தண்ணீர் குடியுங்கள், ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிட்டேன். ஒரு ஆளையாவது திருத்திவிட்டேன் என்ற பெருமை வேறு.

அவர் போய் அரை மணித்தியாலம் இருக்கும். தன் முறைக்குக் காத்திருந்த சுலைஹா ராத்தா கேட்டார், அந்த மனுசனுக்குக் கண் ஏன் அப்படிச் சிவந்திருக்கிறது என்று. தடிமனுக்குக் கண் சிவக்கும் ராத்தா என்றேன். ராத்தா விடவில்லை: "தும்மவும் இல்ல, மூக்கும் வடியல்ல. கெண்டைக்காலப் பொத்திப் பொத்திப் பிடிச்சிக்கிட்டு நிண்டாரே, அது என்ன தடிமன் தங்கச்சி?"

வட்டை

கையில் இருந்த குளிசை அட்டையைக் கவுண்டரில் வைத்துவிட்டு விரல் மடக்கினேன். சிவந்த கண், கெண்டைக்கால் உளைவு, மூன்று கிழமை வட்டைத் தண்ணீரில் நின்ற கால். கெப்சூலைக் குடித்தது கோழி. இது எலிக்காய்ச்சல் இல்லாமல் வேறு என்ன? படித்ததை எல்லாம் வாயில் வைத்திருந்தேன், கண்ணில் வைக்கவில்லை. சிறுநீரகத்தில் பிடித்தால் ஆளைக் கொண்டுபோய்விடும். போன் அடித்தேன், எடுக்கவில்லை. என்னோடு வேலை செய்கிற பிள்ளையிடம் கடையை ஒப்படைத்துவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சம்மாந்துறைக்கு ஓடினேன். வழியெல்லாம் உழவு மெசின்கள் வேறு, விலகினால்தானே! யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

வீட்டில் மனைவி மட்டும். சிரித்த முகத்தோடு வாங்க மிஸ் என்றார். நான் கொடுத்த பனடோல் காய்ச்சலை இறக்கிவிட்டதாம். உடம்பு லேசாக இருக்கிறது, வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மனுசன் திரும்பவும் வட்டைக்கே போய்விட்டாராம். போன் மேசையில் கிடந்தது. ஒரு ஓட்டோவைப் பிடித்து மனைவியையும் ஏற்றிக்கொண்டு வட்டைக்குப் போனேன். அபாயாவை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வயல் வரம்பில் நான் நடந்த நடையை யாரும் படம் பிடிக்காதது என் அதிர்ஷ்டம்.

அவர் வரம்பில் உட்கார்ந்திருந்தார். எழும்பப் பார்த்தார், கால் கேட்கவில்லை. என்னைக் கண்டு சால்வையைச் சரிசெய்தார் அந்த மனுசன், அந்த நிலைமையிலும். ஒன்றுக்குப் போனீர்களா என்று கேட்டேன். பெண்பிள்ளை கேட்கிற கேள்வியா அது? தலையைக் குனிந்துகொண்டார். மனைவி அதட்டிய பிறகுதான் வாய் திறந்தார்: "நேத்துப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு சரியாப் போகல்ல மிஸ்."

வார்ட்

அதே ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், உடனே வார்டில் மறித்துப் படுக்க வைத்துவிட்டார்கள். எலிக்காய்ச்சலேதான், சிறுநீரகம் தடுமாறத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் ஆள் தப்பியிருக்க மாட்டார் என்றார் டொக்டர். ஊசி மருந்து ஏறியது. கூடவே கோழிக்குப் போன அதே கெப்சூலும் கொடுத்தார்கள். காய்ச்சலுக்கு அன்டிபயோட்டிக் எதற்கு என்று ஊரெல்லாம் கத்தியவள், அந்த மருந்து எப்போது வேலை தொடங்கும் என்று வார்டுக்கு வெளியே வாங்கில் குந்தியிருந்தேன். அடுத்த மூன்று நாளும் கடையில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கப்படுத்தவில்லை. எங்கள் வீட்டு மனுசன் ஒவ்வொரு தொழுகையிலும் அவருக்காக துஆக் கேட்டுவிட்டு வந்து, சிறுநீர் போனதாமா என்றுதான் முதலில் விசாரிப்பார். நாலாம் நாள் காலையில் நன்றாகப் போயிருக்கிறது என்று காக்காவின் மனைவி போனில் சொன்னார். மூத்திரம் போன செய்திக்கு நான் அழுத அழுகை, என் கலியாணத்துக்குக்கூட அழவில்லை.

பின்னேரம் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார், கண் வெளுத்திருந்தது. மனைவி தேத்தண்ணி ஊற்றித் தந்தார். கோப்பையைக் கீழே வைத்தேன். மாப்புக் கேட்க வந்தவள் சண்டைதான் பிடித்தேன்: "ஏன் காக்கா, வட்டையில நிண்ட கதையை ஒரு சொல்லு செல்லி முடிச்சா என்ன? நான் கதைச்சா நீங்களும் சத்தமாக் கதைக்க வேண்டியதுதானே? ஆள் போயிருந்தா நான் என்ன செய்வன்?"

அவர் படுத்தபடி சிரித்தார். என் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறவர் மாதிரிப் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு சொன்னார்: "நீங்க அவ்வளவு ஆசையாச் செல்லிக்கிட்டு இருந்தீங்க மிஸ். குறுக்க கதைக்க எனக்கி மனம் வரல்ல."

பன்னிரண்டு வருடம் மருந்து கட்டி நான் படித்து முடித்தது இவ்வளவுதான்: காய்ச்சல்காரரின் வாய் திறக்க வேண்டுமென்றால், முதலில் பாமசிக்காரியின் வாய் மூட வேண்டும்.